குழுத் தலைவர் ஊடாக

பயணிகளுக்குக் கொடுக்கப்பட்ட கைநூலின் ஏழாவது விதி இது: சீனாவில் உறவினரைச் சந்திக்க விரும்பும் பயணி, அந்த உறவினரின் பெயர், முகவரி, உறவுமுறை ஆகியவற்றை எழுதி, நாட்டுக்குள் நுழைந்த இருபத்துநான்கு மணித்தியாலங்களுக்குள், வழிகாட்டியிடம் தானே ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான். முத்திரை கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை, படிவம்கூட இல்லை. ஒரு துண்டுக் கடதாசி போதும்.

1978 ஓகஸ்டில் மெல்பேர்னில் எங்கள் நோபிள் பார்க் வீட்டின் குசினி மேசையில் வைத்து அந்த விதியை மூன்று முறை வாசித்தேன். வாசித்து முடித்ததும், நிர்வாகப் பழக்கம் இல்லாத யாரோ எழுதியது என்று முடிவுசெய்தேன். குழுவில் பதினான்கு பேர். குழுவுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். அப்படியிருக்க, உறுப்பினர் ஒருவர் தலைவரைத் தாண்டி, இன்னொரு நாட்டு அலுவலகத்துக்குத் தன் கையாலேயே கடதாசி நீட்டுவதா? இலங்கையில் ஒரு மாவட்டக் கச்சேரியில் பதினெட்டு வருடம் வேலை செய்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்தவன் நான். இங்கேயும் அரசாங்க அலுவலகம் ஒன்றின் கோப்புப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. எந்தக் கடிதமும் மேலதிகாரி ஊடாகத்தான் போகும் என்பது என் உடம்பில் ஊறிப்போன விஷயம். விதியை எழுதியவர் விட்ட குறையை நான் நிரப்பினேன்.

விண்ணப்பம் எனக்கானதல்ல. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த சீனக்காரருக்கானது.

அவருக்கு அப்போது அறுபது வயது. தென் சீனாவின் ஒரு கிராமத்திலிருந்து பதினேழு வயதில் தகப்பனுடன் கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்து, தளபாடம் செய்யும் பட்டறைகளில் காலம் முழுவதும் உழைத்தவர். மனைவி இறந்துவிட்டார்; பிள்ளைகள் இல்லை. பின்வளவில் லீக்ஸும் சீனக் கீரையும் பயிரிட்டார். என் மனைவி அவரைச் சீன அண்ணை என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். அந்தச் சொல்லை அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள். என்னை மட்டும் 'மிஸ்டர்' என்று கூப்பிடுவார். அவருடைய ஓய்வூதியப் படிவம், வீட்டு வரிக் கடிதம், வைத்தியசாலைத் தாள் எல்லாவற்றையும் நான்தான் நிரப்பிக்கொடுப்பேன். ஆங்கிலத்தைப் பேசிச் சமாளிப்பார், எழுத வராது.

ஊரில் விட்டுவந்தபோது அவருடைய தங்கைக்கு ஐந்து வயது. நாற்பத்துமூன்று வருடமாக அவர்கள் ஒருவரையொருவர் காணவில்லை. இடையில் கால் நூற்றாண்டு கடிதமே இல்லை. பிறகு ஒருநாள் பீக்கிங்கிலிருந்து கடிதம் வந்தது. தங்கை ஒரு ரயில்வேத் தொழிலாளியைக் கட்டி வடக்கே போய்விட்டாள், அவனும் இறந்துவிட்டான், மகள் வேறு ஊரில் வேலை, அவள் பஞ்சாலை ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். இவருக்கோ இருதயம் பலவீனம். வைத்தியர் ஒரே ஒரு பயணத்துக்குச் சம்மதம் சொன்னார், அதுவும் யாராவது துணைக்குப் போனால். அந்த நாட்களில் தனியாளாகச் சீனாவுக்குப் போக முடியாது. ஏதாவது குழுவோடு சேர்ந்துதான் போகலாம். அப்படித்தான் நானும் மனைவியும் அந்தக் குழுவில் சேர்ந்தோம். மற்றப் பதினொரு பேரும் வெள்ளைக்காரர்கள், பெரும்பாலும் ஆசிரியர்கள். தலைவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியர். உயரமான, நல்ல மனிதர்.

குசினி மேசையில் நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அந்தாளின்ரை கையிலயே குடுங்கோவன். அவர் கொண்டுபோய்க் குடுக்கட்டும். நடுவில ஏன் அந்த வெள்ளைக்காரன்?"

"அது முறையில்லை."

"முறை! மாமான்ரை செத்தவீட்டுக்கும் முறைப்படிதானே லீவு கேட்டனீங்கள்? காடாத்தி, எட்டுச் செலவும் முடிஞ்சாப்பிறகுதானே, சரி போயிட்டு வா எண்டு கடிதம் வந்தது."

"அதை ஏன் இப்ப இழுக்கிறீர்?"

"நான் ஒண்டையும் இழுக்கேல்லை. சொல்லிவைக்கிறன்."

மூன்று பிரதிகள் அடித்தேன். முதலாவது குழுத் தலைவருக்கு, அவர் ஊடாக, எங்களை வரவேற்கும் சீனப் பயண அலுவலகத்துக்கு. இரண்டாவது எனக்கு. மூன்றாவது சீன அண்ணைக்கு. அவர் அதை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும், நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் ஆலோசனைப்படி தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினார். நாங்கள் பீக்கிங்கில் இருக்கப்போகும் மூன்று நாட்களையும் அதில் குறித்தார். எந்த ஹோட்டலில் விடுவார்கள் என்று முன்கூட்டித் தெரியாது. நீ எங்களைத் தேடி அலையாதே, அலுவலகத்திலிருந்து ஆள் வந்து உன்னைக் கூட்டிப்போவார்கள், வீட்டிலேயே இரு என்று எழுதச் சொன்னதும் நான்தான். அவள் பதிலில் ஒரு படம் கீறி அனுப்பியிருந்தாள். அரண்மனையின் பின்வாசல், அதற்கு எதிரே ஒரு குன்று, அதைத் தாண்டி ஒரு கோபுரம், பக்கத்தில் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு சின்னச் சதுரம், சதுரத்தின் பக்கத்தில் ஒரு மரம். நான் இரண்டரை நாள் லீவு எடுத்திருக்கிறேன், கதவைத் திறந்துவைத்துக் காத்திருப்பேன் என்று எழுதியிருந்தாளாம்.

ஹொங்கொங்கிலிருந்து ரயிலில் எல்லையைக் கடந்து கன்ரன் நகருக்குள் நுழைந்த அன்று மாலையே விண்ணப்பத்தைத் தலைவரிடம் கொடுத்தேன். "நல்லது, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, ஒரு நீலக் கோப்புக்குள் வைத்தார். அந்தக் கோப்பு அதன் பிறகு அவர் கக்கத்தைவிட்டு அகலவில்லை. அதைக் காணும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

நான் சொல்ல வந்தது பீக்கிங்கில் எங்கள் மூன்றாவது நாளை, கடைசி நாளை. முதல் நாள் வந்து இறங்கிய களைப்பில் போயிற்று. இரண்டாம் நாள் பெருஞ்சுவருக்கும் அரசர்களின் சமாதிகளுக்கும் கூட்டிப்போய் இருட்டிய பிறகுதான் திரும்பக் கொண்டுவந்தார்கள். அண்ணை இரண்டு நாளும் காலையில் என்னைப் பார்த்துக் கேட்டது ஒரே கேள்வி.

"மிஸ்டர், பதில்?"

"வரும்" என்றேன் இரண்டு நாளும்.

மூன்றாம் நாள் நிகழ்ச்சிநிரலில் காலை அரண்மனை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வானக் கோயில், பிற்பகல் கோடைகால அரண்மனை, மாலை ஆறரைக்கு அடுத்த ஊருக்கு ரயில். அண்ணை அன்று ஒரு பொதியைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். பழுப்புக் கடதாசியில் சுற்றிச் சணல் கயிறு போட்ட பொதி. உள்ளே ஒரு கம்பளிப் போர்வை. பீக்கிங்கின் குளிருக்கு ஆஸ்திரேலிய ஆட்டுரோமம்தான் சரி என்று டண்டினோங் கடைகளில் மூன்று சனிக்கிழமை தேடி வாங்கியது.

வழிகாட்டி இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதுப் பெண். இரட்டைப் பின்னல், நீலச் சட்டை, கையில் சின்னக் கொடி. தெளிவான ஆங்கிலம். அண்ணைக்குத் தெரிந்தது அவருடைய தென்கிராமத்துப் பேச்சு மட்டும். பீக்கிங் மொழி அவருக்கு விளங்காது. பிறந்த நாட்டின் தலைநகரத்தில் நின்றுகொண்டு, வழிகாட்டி ஆங்கிலத்தில் சொன்னதை நான் எளிய ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லித்தான் அவருக்கு விளங்கவேண்டியிருந்தது.

அரண்மனையின் தெற்கு வாசல் வழியாக உள்ளே போனோம். செப்டெம்பர் மாதத்து வெயில், நிழல் இல்லாத கல்முற்றங்கள். கதவுகளில் ஒன்பது வரிசைக் குமிழ்கள். ஒரு வாசல் தாண்டினால் இன்னொரு முற்றம், அதைத் தாண்டினால் இன்னொரு வாசல். பெரிய மண்டபத்துக்கு முன்னால் நின்று, அதிகாரிகள் எந்தத் தரத்துக்கு எந்த இடத்தில் முழங்காலிட வேண்டும் என்பதற்கெல்லாம் அடையாளங்கள் வைத்திருந்தார்கள் என்று அந்தப் பெண் விளக்கினாள். மாகாணத்திலிருந்து ஒரு மனு வந்தால் எத்தனை கைகள் மாறி அரசரிடம் போகும், அரசர் அதன் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவார், எழுதியது அதே வழியால் திரும்பிப் போகும் என்றாள். மற்றவர்கள் கூரை ஓடுகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ வேலை செய்த இடத்துக்குத் திரும்பி வந்தது போல இருந்தது. கோப்புகளை ஒழுங்காக நடத்தத் தெரிந்த மனிதர்கள் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டேன்.

அண்ணை எதையும் பார்க்கவில்லை. முற்றங்களில் உள்ளூர்க்காரர் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தனியாக வந்தால் அவருடைய கழுத்து தானாகத் திரும்பும். எல்லாரும் ஒரே நீலத்தில், ஒரே மாதிரி வெட்டிய தலைமயிரோடு இருந்தார்கள். மனதில் ஓர் ஐந்து வயது முகத்தை வைத்துக்கொண்டு அவர் எதைத் தேடியிருப்பார்?

"அந்தாளைப் பாருங்கோ" என்றாள் மனைவி. "பொதியைக் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூக்கிக்கொண்டு திரியுது. நேரே அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டா என்ன, உங்கட வாயில இருக்கிற முத்தே கொட்டிப்போயிடும்?"

"விண்ணப்பம் போயிட்டுது. போனதைத் திரும்பக் கேட்டா தலைவரை நம்பேல்லை எண்டு ஆகும். அவையளுக்கும் கரைச்சல் குடுக்கிற ஆக்கள் எண்டு ஒரு நினைப்பு வந்திடும்."

"இண்டைக்கு ரயில்."

"எனக்குத் தெரியும் இண்டைக்கு ரயில் எண்டு."

பதினொன்றரைக்கு வடக்கு வாசலால் வெளியே வந்தோம். பஸ் அங்கே நின்றது. எதிரே குன்று. அண்ணை சட்டைப் பையிலிருந்து தங்கை கீறிய படத்தை எடுத்து விரித்தார். படத்தில் இருந்த வாசலில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். குன்றைச் சுட்டிக்காட்டினார். அதற்கப்பால் கோபுரத்தைச் சுட்டிக்காட்டினார். பிறகு அந்தச் சின்னச் சதுரத்தில் விரலை வைத்தார்.

"மிஸ்டர். நான் நடந்து போறேன். ஒரு மணித்தியாலம். சாப்பாடு வேண்டாம். பஸ் பிறகு எங்கே நிற்கும், சொல்லு."

"வேண்டாம்" என்றேன்.

"கிட்ட. பார், கிட்ட."

"விண்ணப்பம் விசாரணையில் இருக்கும்போது நீங்கள் குழுவைவிட்டுப் போனால், அதையே காரணம் காட்டி மறுத்துவிடுவார்கள். ஒருவேளை இப்போது அவளைக் கூட்டிவர ஆள் போயிருக்கலாம். நீங்கள் அங்கே, அவள் இங்கே என்று ஆகிவிடும்."

"நான் சீன அண்ணையோட போறன்" என்றாள் மனைவி தமிழில். "நீங்கள் இஞ்ச நிண்டு கோப்புப் பாருங்கோ."

"உமக்கு இந்த நாட்டு விஷயம் விளங்காது. பொறும்."

அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் பேசியது விளங்காவிட்டாலும் யார் சொல்வது நடக்கும் என்பது விளங்கியிருக்கும். பத்து வருடப் பழக்கத்தால் அவர் என் சொல்லை நம்பினார் என்றும் சொல்ல முடியாது. நான் நோபிள் பார்க்கில் குடியேறி நாலு வருடம்தான். ஆனால் அந்த நாலு வருடத்தில் நான் நிரப்பிக் கொடுத்த ஒரு படிவமும் திரும்பி வந்ததில்லை. அவர் படத்தை மடித்தார். பொதியோடு பஸ்ஸில் ஏறினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு வானக் கோயில். அரசர் வருடத்துக்கு ஒருமுறை வந்து வானத்திடம் நல்ல விளைச்சல் கேட்கும் இடமாம். அங்கே வட்டமான ஒரு மதில் இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தில் வாயை வைத்து மெதுவாகப் பேசினால், மறுபக்கத்தில் காதை வைத்து நிற்பவருக்குக் கேட்கும். எங்கள் ஆசிரியர்கள் சிறுபிள்ளைகளாகி, ஆளுக்கொரு மூலையில் நின்று 'ஹலோ, ஹலோ' என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் அடுத்த மண்டபத்தைப் பார்க்கக் கலைந்தார்கள். நான் தனியாக மதிலில் காதை வைத்து நின்றேன். வெயில் பட்ட செங்கல் சூடாக இருந்தது.

அப்போது மதிலுக்குள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது. பக்கத்தில் நின்று சொல்வது போலத் தெளிவாக.

"இஞ்சருங்கோ. நான் அந்தப் பிள்ளையிட்டைக் கேட்டனான். அப்பிடி ஒரு கடிதமும் தங்களுக்கு வரேல்லையாம்."

மதிலிலிருந்து காதை எடுத்தேன், மறுபடி வைத்தேன்.

"கேக்குதோ? ஒரு கடிதமும் வரேல்லையாம். காலமை சொல்லியிருந்தா அரை மணித்தியாலத்தில கூட்டிக்கொண்டு வந்திருப்பினமாம்."

கேட்டது என்று மதிலுக்குச் சொன்னேன்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வழிகாட்டிப் பெண் அண்ணையின் கையிலிருந்த முகவரியைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், நுழைவுச்சீட்டு விற்கும் அறைக்கு ஓடினாள். நாங்களும் பின்னால் போனோம். அந்த ஊரில் ஒவ்வொரு சந்துக்கும் பொதுவாக ஒரு தொலைபேசி. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவி. கூப்பிட்டால் கிழவி போய் வீட்டுக்காரரை அழைத்துவருவாள். பெண் பேசினாள், காத்திருந்தாள், மறுபடி பேசினாள். அண்ணை அவளுடைய வாயையே பார்த்தபடி நின்றார். அவருக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் தங்கையின் பெயர் இரண்டு தடவை வந்தபோது இரண்டு தடவையும் தலையை ஆட்டினார்.

பெண் தொலைபேசியை வைத்தாள். சொல்லவேண்டியதை என்னிடம்தான் சொன்னாள், ஏனென்றால் அவரிடம் சொல்ல வேண்டியவன் நான்.

"இரண்டரை நாள் லீவு எடுத்து வீட்டிலேயே இருந்திருக்கிறார். கதவைத் திறந்துவைத்து, வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாராம். சாப்பாடும் சமைத்து வைத்திருந்தாராம். இன்று பன்னிரண்டரைக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் பிற்பகல் வேலைக்குப் போய்விட்டார்."

பன்னிரண்டரை. பதினொன்றரைக்கு நாங்கள் வடக்கு வாசலில் நின்றோம்.

நான் அதை அண்ணைக்கு எளிய ஆங்கிலத்தில் சொன்னேன். எளிய ஆங்கிலத்தில் அது மிகச் சில சொற்கள்தான்.

பஞ்சாலை நகரத்துக்கு வெளியே இருந்தது. அந்தப் பெண் அங்கேயும் தொலைபேசி எடுத்துப் பார்த்தாள், இணைப்பு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் வெளிநாட்டவர் அங்கே போக வேறு அனுமதி வேண்டும். அது நாளை காலைதான் ஆகும். அண்ணை மட்டும் ஒரு நாள் தங்க முடியுமா என்று மனைவி கேட்டாள். அதற்குப் பதில் எனக்கே தெரியும். பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே விசாத் தாள். அது தலைவரின் நீலக் கோப்பில். தாளை விட்டு ஆள் பிரிய முடியாது. அந்த விதியில் எந்தக் குறையும் இல்லை, நன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

கோடைகால அரண்மனைக்குப் போயே ஆகவேண்டும், நிகழ்ச்சிநிரலில் இருந்தது. ஏரிக்கரையில் ஒரு பேரரசி கட்டிவைத்த கல் கப்பல் நின்றது. அசையாத கப்பல். மற்றவர்கள் அதற்கு முன்னால் நின்று ஒருவரையொருவர் படம் எடுத்தார்கள். நான் தலைவரைத் தேடிப்போய்க் கேட்டேன்.

"ஓ, அதுவா" என்று கோப்பைத் திறந்தார். என் விண்ணப்பம் மடிப்புக் குலையாமல், விருந்துகளில் பாடவேண்டிய பாட்டுகளின் பட்டியலுக்குப் பின்னால் இருந்தது. "எனக்கு முகவரியிட்டிருந்தீர்கள். இங்கே இவர்களுக்கு எத்தனை வேலை! தனிப்பட்ட விஷயங்களை முதலிலேயே நீட்டினால் குழுவைப் பற்றி என்ன நினைப்பார்கள்? கடைசி ஊரில், பிரியாவிடை விருந்தில், நன்றியுரையோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்றிருந்தேன்."

"கடைசி ஊரில் அவருக்கு யாரும் இல்லை. விண்ணப்பத்தின் இரண்டாம் பந்தியில் முகவரி இருக்கிறது."

அவர் அப்போதுதான் இரண்டாம் பந்தியை வாசித்தார். முகம் சிவந்தது. "பயங்கரம்" என்றார். "மிகவும் வருந்துகிறேன். மெல்பேர்ன் போனதும் நானே ஒரு குறிப்பெழுதி இதை அவர்களுடைய தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன்."

நான் அவரோடு சண்டை பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. எங்கள் கச்சேரியில், நோயாளித் தாயின் ஊருக்கு இடமாற்றம் கேட்ட ஒரு ஆசிரியையின் விண்ணப்பம் என் மேசைத் தட்டில் ஒரு மாரிகாலம் முழுவதும் கிடந்தது. தக்க தருணத்தில் மேலே அனுப்பலாம் என்றுதான் வைத்திருந்தேன். அந்தத் தாய்க்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரித்ததில்லை.

ஏரியோரத்தின் நீண்ட நடைகூடத்தில் அண்ணை உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. பொதி இருவருக்கும் நடுவில். நான் போய் நின்றதும் அவள் எழும்பவில்லை, நகர்ந்து இடம் விடவும் இல்லை.

"இரண்டரை நாள்" என்றார் அண்ணை என்னைப் பார்க்காமல். "அரை நாள் லீவு கேட்பதே கஷ்டம், மிஸ்டர். பஞ்சாலையில் கேட்டால் திட்டுவார்கள்."



பஸ்ஸுக்குத் திரும்பும்போது அவர் பொதியை வழிகாட்டிப் பெண்ணிடம் கொடுத்தார். நாளைக்கே நேரில் போய்க் கொடுப்பதாக அவள் சொன்னாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது; திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். நான் அவளிடம், பொதியைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்லில் கொண்டுவர முடியவில்லை. பெண் எழுதித் தந்தாள். கம்பளிப் போர்வை ஒன்று, திகதி, கையொப்பம்.

ரயிலில் எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பெட்டி. அண்ணை ஜன்னலோரம் உட்கார்ந்தார். நகரத்தின் வெளிப்புறத்தில் புகைபோக்கிகளோடு ஆலைகள் வரிசையாக வந்தன. எது பஞ்சாலை என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அவர் ஒவ்வொன்றையும் பார்த்தார்.

மெல்பேர்னுக்குத் திரும்பி ஒரு மாதத்தில் தங்கையின் கடிதம் வந்தது. போர்வை கிடைத்தது, மிகவும் சூடாக இருக்கிறது, யாருடைய பிழையும் இல்லை, அடுத்த முறை பார்க்கலாம் என்று எழுதியிருந்தாளாம். அதை அவர் என் மனைவியிடம்தான் சொன்னார். அடுத்த முறை என்பதற்கு வைத்தியர் தலையாட்டவில்லை. நான் வரவேற்கும் அலுவலகத்துக்கு நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். தங்கையை ஆஸ்திரேலியாவுக்கு வர அனுமதிக்க முடியுமா என்றும் கேட்டேன். இரண்டு நினைவூட்டல்கள் அனுப்பினேன். பதில் இல்லை.

1979 ஈஸ்டருக்கு முந்திய வாரம் அவருடைய தங்கையின் மகளிடமிருந்து கடிதம் வந்தது. தங்கை அந்த மாரிக்குளிரில் நிமோனியா கண்டு இறந்துவிட்டாள். பஞ்சாலைத் தூசு நெஞ்சில் படிந்திருந்ததாம்.

என் மனைவி சோறும் மரக்கறியும் சமைத்து எடுத்துப்போய் அன்று முழுவதும் அவரோடு இருந்தாள். நான் பின்னேரம் போனேன். எழுந்து நின்று கதிரையைக் காட்டினார். தேநீர் ஊற்றினார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. இரண்டு நாள் கழித்து எங்கள் கடிதப்பெட்டியில், உறையில்லாமல், நான் தட்டச்சு செய்த விண்ணப்பத்தின் மூன்றாவது பிரதி கிடந்தது. மடிப்புகள் தேய்ந்து கிழியும் நிலையில் இருந்தது. குறிப்பு ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவர் ஒரு படிவத்தையும் என்னிடம் கொண்டுவரவில்லை. ஓய்வூதிய அலுவலகத்துக்கு பஸ்ஸில் போய், வரிசையில் நின்று, அங்கே இருந்த யாரோ ஒரு பெண்ணைக்கொண்டு நிரப்பிக்கொண்டார். லீக்ஸும் கீரையும் வழக்கம்போல வேலிக்கு மேலால் வந்தன. தங்கச்சியின் கைக்கு.

மெல்பேர்ன் குதிரைப்பந்தயத்துக்கு லீவு விட்ட மறுநாள், வேலையால் வந்து கடிதப்பெட்டியைத் திறந்தேன். நீண்ட உறை, சீன முத்திரைகள். குசினியில் மனைவி மிளகாய் வெட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம், அண்ணை பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன கடிதம்?"

"பதில்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "என்னவாம்?"

நல்ல தாள், சுத்தமான தட்டச்சு. தங்கள் குழுத் தலைவர் ஊடாகக் கிடைத்த விண்ணப்பம் உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டது; விண்ணப்பதாரர் தன் தங்கையைச் சந்திக்க அனுமதி வழங்கப்படுகிறது; பீக்கிங் வந்து சேர்ந்ததும் இக்கடிதத்தை வழிகாட்டியிடம் காட்டவும்; சந்திப்புக்குத் தேவையான ஏற்பாடுகள் அனைத்தும் செய்து தரப்படும். கீழே சிவப்பில் வட்ட முத்திரை. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

"குடுக்கப்போறியளோ அவரிட்டை?"

கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பேனையை எடுத்து, இருபத்துமூன்று வருடப் பழக்கத்தில் கை தானாகவே செய்வது போல, கடிதத்தின் மேல் வலது மூலையில் கிடைத்த திகதியைக் குறித்தேன்: 1979 நவம்பர் 7.